இடுக்கின் நிறம்

நீலக் கண்ணாடிச் சில்லுகளை ஒட்டி ஒரு சின்ன மேசைப் பலகை செய்தேன். கடல் மாதிரி வரணும்னு ஆசை. ஒட்டி முடிக்கும்வரை கடலாகத்தான் இருந்தது. கடைசியில் இடுக்குகளை அடைக்க வெள்ளை கிரவுட் பூசித் துடைத்தேன். கடல் போய், குளியலறைச் சுவர் வந்துவிட்டது.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். 1 செ.மீ. சதுரச் சில்லுகளை 2 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டினால், மொத்தப் பரப்பில் சுமார் 30 சதவீதம் சில்லே கிடையாது, வெறும் சாந்து. படத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு யோசிக்காமல் வெள்ளையடித்திருக்கிறேன். பழைய ஆட்கள் இந்த மூன்றில் ஒரு பங்கை என்ன செய்தார்கள் என்று தேடத் தொடங்கியது அப்படித்தான்.

இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவில், பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த மொசைக்குகளை 1931இல் தாமஸ் விட்டமோர் என்ற அமெரிக்கரின் குழு வெளியே கொண்டுவரத் தொடங்கியது. பைசாண்டியக் கலைஞர்கள் வேலைசெய்த முறை இது: சுவரில் அடுக்கடுக்காகச் சுண்ணாம்புச் சாந்து. கடைசி அடுக்கை மட்டும், இறுகுவதற்குள் எவ்வளவு ஒட்ட முடியுமோ அவ்வளவுக்குத்தான் பூசுவார்கள். அந்த ஈரத்தின்மேல் முதலில் படத்தை வரைந்துவிடுவார்கள். வெறும் கோட்டுப்படம் இல்லை, வண்ணத்தோடு. அதன்மேல் சில்லுகளை அழுத்தும்போது சாந்து இடுக்குகளில் பிதுங்கி மேலே வரும், தன் நிறத்தோடு. தனியாக கிரவுட் பூசும் வேலையே இல்லை.

தங்கப் பின்னணி வரவேண்டிய இடத்தில் அடியில் பல சமயம் சிவப்போ காவியோ இருக்கும். தங்கச் சில்லு என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்த தங்க ரேக்கு. அதன் இடுக்கில் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிந்தால் தங்கம் வெளிறிப்போகும். சிவப்பு தெரிந்தால் அது தங்கத்தின் நிழலாகிவிடும். கீழே தரையில் நிற்பவர் கண்ணுக்கு இடுக்கே தெரியாது, தங்கத்தின் கதகதப்பு மட்டும் தெரியும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே தீட்டிய ஓவியம். எனக்கு மலைப்பாக இருப்பது அதுதான்.

ரோம் வேறு வழியில் போனது. புனித பேதுரு பேராலயத்தின் எண்ணெய் ஓவியங்கள் ஈரத்தில் கெட்டுப்போக, அவற்றுக்குப் பதிலாக மொசைக் நகல்கள் வைத்தார்கள். அதற்கென்றே 1727இல் வத்திக்கான் பட்டறை நிரந்தரமானது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே ரோமில் நகைகளிலும் சிமிழ்களிலும் நுண்மொசைக் வந்தது. நூலிழை போன்ற சில்லுகள். இடுக்கில் பக்கத்துச் சில்லின் நிறத்திலேயே வண்ண மெழுகு. பிறகு தேய்த்து மெருகு. மொசைக் என்றே தெரியக் கூடாது என்பதுதான் குறிக்கோள். திறமை அபாரம்தான், ஆனால் மொசைக் என்று காட்டிக்கொள்ளவே வெட்கப்படுகிற மொசைக் எதற்கு?

அடுத்து பாரிஸ். 1875இல் திறக்கப்பட்ட ஓபரா மாளிகைக்கு மொசைக் செய்தவர் இத்தாலியின் ஃப்ரியூலி பகுதிக்காரரான ஃபக்கினா. சில்லுகளைத் தலைகீழாகக் காகிதத்தில் ஒட்டி, துண்டுகளாக அனுப்பி, சுவரில் சிமெண்டில் பதித்து, காகிதத்தை நனைத்து உரிப்பது அவர் கையாண்ட முறை. விலையும் நேரமும் வெகுவாகக் குறைந்தன. கூடவே சுவரில் ஓவியம் தீட்டும் வேலையும் போனது. மொத்தத்துக்கும் ஒரே கிரவுட், ஒரே நிறம். நீலத்துக்கும் அதே சாம்பல், முகத்துக்கும் அதே சாம்பல்.

ஃப்ரியூலிக்காரர்கள் கைவந்தவர்களாக இருந்த இன்னொரு வேலை டெராஸோ. நம்ம ஊரில் நாம் ‘மொசைக் தரை’ என்று சொல்வது இதைத்தான். வெள்ளை சிமெண்ட், கலர் பவுடர், மார்பிள் சிப்ஸ் கலந்து பூசி, மெஷின் போட்டுத் தேய்ப்பது. இதில் சில்லுகளுக்கு நடுவே சாந்து இல்லை, சாந்துக்குள்தான் சில்லு. அதனால் சாந்தின் நிறத்தை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். நான் கடைசி அரைமணி நேரத்துக்குத் தள்ளிப்போட்ட கேள்வி அது.

இரண்டாவது பலகைக்கு வெள்ளை கிரவுட்டில் நானே வண்ணம் கலந்தேன். நிறமி சிமெண்ட் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் சாந்து பலவீனமாகும். ஈரத்தில் பார்த்த நிறம் காய்ந்தால் வெளிறும், அதனால் சின்னத் துண்டுகளில் பூசி நாலைந்து நாள் காயவிட்டேன். கரடான கல் சில்லு என்றால் நிறத்தை உறிஞ்சிக் கறையாகிவிடும், அதற்கு முன்பே சீலர் அடிக்க வேண்டும். என்னுடையது கண்ணாடி, தப்பித்தேன். ஆழத்துக்குக் கருநீலம், கரைக்கு மணல் நிறம். இரண்டும் சந்தித்த இடத்தில் கொஞ்சம் கலங்கிவிட்டது. துடைக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.