உயரம் குன்றிய பிள்ளைகளும் வேலூர் தந்த விடையும்



சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் ஆசிரியராகப் பணியாற்றும் எனக்கு, முதலாம் ஆண்டு மாணவர்களின் உயரத்தை அளந்து எழுதுவது வழக்கமான வேலை. சில ஆண்டுகளுக்கு முன்னர், வகுப்பிலேயே மிகக் குள்ளமாக இருந்த மாணவனின் தாயாரிடம், "பிள்ளைக்குச் சாப்பாடு சரியாகக் கொடுப்பதில்லையா?" என்று கேட்டுவிட்டேன். "வயிறு நெறயத்தான் சார் போடறேன்" என்று சொல்லித் தலைகுனிந்தார். அக்கேள்வி எவ்வளவு தவறானது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். அதை உணர்த்திய வரலாற்றை இங்கே பகிர்கிறேன்.

நம் முன்னோர்களில் பலர் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்தவர்கள். அம்மாவட்டத்து வேலூரிலுள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், செல்வின் பேக்கர் என்னும் மருத்துவர் குடல் நோய்களை ஆராய்ந்து வந்தார். நோயின்றி நலமாக நடமாடிய தென்னிந்தியர்களின் சிறுகுடலிலும் குடலுறிஞ்சிகள் குட்டையாகிச் சிதைந்திருக்கக் கண்டார். 1972-ஆம் ஆண்டு அவரும் மருத்துவர் மாத்தனும் இதைப் பற்றி விரிவாக எழுதினர். உணவு வயிற்றுக்குள் போனாலும் உடலில் முழுமையாகச் சேர்வதில்லை என்பதே இதன் பொருள்.

இக்குறை குழந்தையின் வளர்ச்சியைத் தடுக்கிறதா? குழந்தையின் குடலை அறுத்துப் பார்க்க இயலாதே! இங்குதான் உயிரியல் குறியீடுகள் கைகொடுத்தன. லாக்டுலோஸ், மானிட்டால் என்னும் இரு சர்க்கரைகளைக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுத்து, சிறுநீரில் அவற்றின் அளவைப் பார்ப்பது ஒரு முறை. லாக்டுலோஸ் பெரிய மூலக்கூறு. நலமான குடற்சுவரை எளிதில் கடக்காது. அது சிறுநீரில் மிகுந்தால், குடற்சுவர் கசிகிறது என்று அறியலாம். 1991-இல் காம்பியாவில் இம்முறையைக் கையாண்ட ஆய்வு, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவில் 43 விழுக்காட்டைக் குடற்சிதைவைக் கொண்டு விளக்க முடிந்தது என்றது.

2009-இல் எட்டு நாடுகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. அவற்றுள் இந்தியாவின் களம் வேலூர். குழந்தைகளின் மலத்தில் மூன்று பொருள்கள் அளக்கப்பட்டன. மைலோபெராக்சிடேஸ் அழற்சியைக் காட்டும். ஆல்பா-1-ஆண்டிடிரிப்சின் இரத்தப் புரதம் குடலுக்குள் கசிவதைக் காட்டும். நியோப்டெரின் நோய் எதிர்ப்பு மண்டலம் கிளர்ந்திருப்பதைக் காட்டும். இம்மூன்றும் சேர்ந்து மிக உயர்ந்திருந்த குழந்தைகள், மிகக் குறைந்திருந்தவர்களைவிட அடுத்த ஆறு மாதங்களில் 1.08 சென்டிமீட்டர் குறைவாக வளர்ந்தனர் என 2013-இல் வெளியான முடிவு கூறியது. வயிற்றுப்போக்கைக் கணக்கில் கொண்ட பிறகும் அவ்வேறுபாடு நீடித்தது. 2016-இல் மலாவியில் நடந்த ஆய்வு, உயரம் குன்றிய குழந்தைகளின் இரத்தத்தில் இன்றியமையா அமினோ அமிலங்கள் குறைந்திருப்பதைக் காட்டியது.

அப்படியானால் கழிப்பறையும் சோப்பும் கொடுத்தால் போதுமா? வங்காளதேசம், கென்யா, சிம்பாப்வே நாடுகளில் அவ்வாறே செய்து பார்த்தனர். 2018, 2019-ஆம் ஆண்டுகளில் வந்த முடிவுகள் ஏமாற்றமளித்தன, உயரம் கூடவில்லை. துணை உணவு மட்டும் சிறிதளவு பயன் தந்தது. ஒரு வீட்டை மட்டும் திருத்தினால் போதாது. குழந்தை தவழும் சூழல் முழுவதும் தூய்மையாக வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதலாயினர்.

இதைப் படித்தபோது பழைய லயங்கள் என் நினைவுக்கு வந்தன. திறந்த கால்வாய், பொதுக்குழாய், தாய் பால்மரம் சீவப் போனபின் மண்ணில் தவழ்ந்த குழந்தைகள்! அன்று அவர்களின் குடலை அளந்தவர் எவருமில்லை. "நம் இனமே குட்டை" என்று நாமே சொல்லிக்கொண்டோம். உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோல் அதை மறுக்கிறது. நல்ல சூழலில் வளர்ந்த புதுடில்லிக் குழந்தைகளும் நார்வேக் குழந்தைகளும் ஐந்து வயது வரை ஏறத்தாழ ஒரே அளவில்தான் வளர்ந்தனர்.

இது பழங்கதை அன்று. 2022-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.2 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். கருவில் தொடங்கி இரண்டு வயது வரையிலான காலமே இதில் முதன்மையானது. ஏழு வயதில் நம்மிடம் வரும்போது பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. ஆகவே பெற்றோர்களே, தம்பி தங்கையரைக் கிளினிக்கில் தவறாமல் அளந்து பாருங்கள். எடையோடு உயரத்தையும் கேளுங்கள்.

அந்தத் தாயாரை மீண்டும் கண்டபோது மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்றார். ஆயினும் அன்று அவர் தலைகுனிந்தது என் கண்ணைவிட்டு அகலவில்லை.