முடக்குவாத வலியும் மூளைத் தூண்டல் சிகிச்சையும்

சுஜூதில் கை ஊன்ற முடியாமல் நாற்காலியில் அமர்ந்து தொழும் முடக்குவாத நோயாளிகள் நம் குடும்பங்களில் உண்டு. மருந்தால் மூட்டு வீக்கம் வடிந்த பிறகும் சிலருக்கு வலி மட்டும் விடுவதில்லை. “எல்லாம் மனப்பிரமை” என்று நாம் சொல்லிவிடுகிறோம். அது தவறு. நீண்டநாள் வலியால் மூளையும் நரம்புகளும் வலியைக் கூட்டி உணரத் தொடங்கிவிடுகின்றன. லேசான அழுத்தமும் பெரும் வலியாகிறது.

இதைத் தணிக்க, அறுவை இல்லாத மூளைத் தூண்டல் முறைகள் ஆராயப்படுகின்றன. ஒரு முறையில், உப்புநீரில் நனைத்த பஞ்சு மின்முனைகளைத் தலைமேல் வைத்து, 1 முதல் 2 மில்லிஆம்பியர் மின்சாரத்தைச் சுமார் 20 நிமிடம் செலுத்துகிறார்கள். மற்றொன்றில் காந்தச் சுருளால் தூண்டுகிறார்கள். மயக்க மருந்து தேவையில்லை. தோல் அரிப்பு, தலைவலி வரலாம். காந்த முறையில் அரிதாக வலிப்பும் வரலாம். தலைக்குள் உலோகம் பொருத்தியவர்கள் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முடக்குவாதத்தில் இதன் பலன் இன்னும் உறுதியாகவில்லை. மூட்டு சிதைவதை இது தடுக்காது. எனவே இதை நம்பி மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை நிறுத்திவிடக் கூடாது.

நோயைத் தந்த இறைவன் நிவாரணத்தையும் வைத்திருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. அதைத் தேடுவோம். அதுவரை, வலிக்கிறது என்பவரின் சொல்லை நம்புவோம், இன்ஷா அல்லாஹ்.