கண்ணிவாரிக் கப்பல்கள்

கடலடியில் வைத்த கண்ணிவெடிகளைத் தேடி அழித்து, துறைமுகப் பாதையைத் திறந்துவிடும் போர்க்கப்பல்கள். இந்தியக் கடற்படையில் இத்தகைய கப்பல்கள் இரண்டு, அடுத்தடுத்த தலைமுறைகளில், கடலூரின் பெயரைத் தாங்கின.

1914இல் சென்னையைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனைத் தமிழகம் மறக்கவில்லை. அதைவிடக் கொடிய ‘உல்ஃப்’ என்ற ஜெர்மன் கப்பலை அறிந்தவர் குறைவு. 1917இல் அது கொழும்புக்கும் பம்பாய்க்கும் வெளியே இரவோடிரவாகக் கண்ணிகளை விதைத்துச் சென்றது. வூஸ்டர்ஷயர், பெர்சியஸ் என்ற கப்பல்கள் கொழும்பருகே மூழ்கின. 1971 இந்திய-பாகிஸ்தான் போர் 13 நாளில் முடிந்தது. ஆனால் அதில் கண்ணி விதைக்கப்பட்ட சிட்டகாங் துறைமுகத்தைச் சோவியத் கடற்படை சுத்தம் செய்ய 1972 முதல் 1974 வரை ஆயிற்று.

முதல் ‘கடலூர்’ 1950களில் பிரிட்டனிடம் வாங்கியது. அலுமினியச் சட்டத்தில் மரப்பலகை அறைந்த உடல். இரும்புக் கப்பல் கடந்தால் அதன் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிக்கும் கண்ணிகள் உண்டு என்பதே காரணம். 1987இல் சேர்ந்த இரண்டாவது ‘கடலூர்’, காந்தம் எளிதில் ஏறாத எஃகால் லெனின்கிராடில் கட்டப்பட்டது.

வாருவது பழைய முறை. வெட்டுக்கத்தி கோத்த கம்பிவடத்தைக் கப்பல் இழுத்துச் செல்லும். கண்ணியின் நங்கூரச் சங்கிலி அறுந்து, அது மேலே மிதந்ததும் சுட்டு வெடிக்க வைப்பார்கள். தரையில் கிடக்கும் கண்ணிக்கு இது பயன்படாது. அதற்கு வேட்டைமுறை வேண்டும். கப்பல் ஊர்ந்தபடி, சோனார் ஒலியால் கடல்தரையைப் படமெடுக்கும். உருண்டையாகத் தெரிவது பாறையா, எண்ணெய்ப் பீப்பாயா, கண்ணியா என்று ஒவ்வொன்றையும் பார்த்தாக வேண்டும். ஐயம் எழுந்தால் கப்பல் தூரத்திலேயே நின்று, கேமரா பொருத்திய சிறு இயந்திரத்தை இறக்கும். அது கண்ணியருகே வெடிமருந்தை வைத்துத் திரும்பியபின் வெடிக்கச் செய்வார்கள். சில இடங்களில் முக்குளிப்பவரே இறங்குவார். அவருடைய மூச்சுக்கருவிகூடக் காந்தம் ஏறாத உலோகத்தால் ஆனது. இத்தனை பொறுமை வேண்டிய வேலை கடற்படையில் வேறில்லை.

இரண்டாவது ‘கடலூர்’ சேர்ந்த புதுச்சேரி வகுப்பின் 12 கப்பல்களும் ஓய்வுபெற்றுவிட்டன. ‘கடலூர்’ 2018இலும், கடைசியாகக் ‘கோழிக்கோடு’ 2019இலும் விடைபெற்றன. அவற்றுக்கு மாற்றாகக் கப்பல்கள் கட்டத் தென்கொரிய நிறுவனத்தோடு கோவா கப்பல் தளம் நடத்திய பேச்சு 2018இல் முறிந்தது. புதிய கப்பல்களுக்குப் பாதுகாப்புக் கொள்முதல் குழு 2025 ஜூலையில்தான் ஒப்புதல் தந்தது. இந்த இடைவெளி மன்னிக்க முடியாத அலட்சியம். கண்ணி அடைக்கும் துறைமுகம் உள்நாட்டையும் பாதிக்கும்: மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி எண்ணூரில் கப்பலிலிருந்து இறங்கியே ரயிலேறுகிறது. அந்தக் கடல்வழி அடைபட்டால் கடலிலிருந்து தொலைவில் உள்ள சேந்தமங்கலம் போன்ற ஊர்களின் வீட்டு விளக்கும் பாதிக்கப்படும்.