வாணம் தேடிய இலக்கு

1767 செப்டம்பரில் மைசூரின் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து, கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு இரண்டு முறை மோதினார்கள். முதலில் செங்கத்தில், மாதக் கடைசியில் திருவண்ணாமலையில். இரண்டிலும் கம்பெனிக்கே வெற்றி. அடுத்த ஆண்டே நிஜாம் ஆங்கிலேயரோடு தனியாக உடன்படிக்கை செய்துகொண்டார்.

மைசூர்ப் படையின் தனிச்சிறப்பு அதன் வாணப்படை. அந்தக் கலைக்கு நம் பக்கத்து ஆற்காட்டிலும் வேர் உண்டு: ஹைதரின் தந்தை ஃபத்தே முகமது, ஆற்காடு நவாபிடம் வாணவீரர்களுக்குத் தலைவராக இருந்தவர். இரும்புக் குழாயில் வெடிமருந்தைக் கெட்டித்து, நீண்ட மூங்கிலில் கட்டி விடுவார்கள். குழாயின் பருமனையும் எதிரி நிற்கும் தூரத்தையும் பார்த்து, எந்தச் சாய்வில் விடுவது என்று வீரனே கணிப்பான். பற்றவைத்த பிறகு அவனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. 1780இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதற்கு இந்த வாணங்களே காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் அவை இங்கிலாந்துக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டை அவற்றைப் பார்த்தே உருவாக்கினார்.

வாணத்துக்குக் கண் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. 1983இல் அப்துல் கலாம் தலைமையில் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தின் ஐந்து ஏவுகணைகளில், டாங்கியை அழிப்பதற்கான 'நாக்' அப்படிப்பட்டது. ஏவுவதற்கு முன் வீரர் வெப்பப் படத்தில் டாங்கியைக் குறித்துக் கொடுப்பார். அதன்பின் ஏவுகணை அந்த உருவத்தைத் தானே விடாமல் பின்தொடர்ந்து, கவசம் மெலிந்த மேற்பகுதியில் இறங்கும். தார் பாலைவனத்தின் பகல் வெயில்தான் பெரிய இடைஞ்சலாக இருந்தது: மணலும் டாங்கியும் ஒரே மாதிரி கொதித்தபோது எது எதுவென்று ஏவுகணையால் பிரித்தறிய முடியவில்லை. 1990இல் முதன்முதலாகப் பறந்த நாக், பொக்ரானில் இறுதிச் சோதனையை முடித்தது 2020 அக்டோபரில்.

நாக் தேடுவது மனிதர் காட்டிய இலக்கைத்தான். இலக்கைத் தானே தேர்ந்தெடுக்கும் ஆயுதம் வேறு ரகம். இஸ்ரேலின் 'ஹார்ப்பி' வானில் சுற்றித் திரிந்து, ரேடார் அலை வரும் இடத்தைக் கண்டுபிடித்துப் பாயும். ஓர் உயிரைப் பறிக்கும் முடிவை இயந்திரத்திடம் விடவே கூடாது. இத்தகைய ஆயுதங்கள் பற்றி 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் இந்தியாவும் ஒன்று.