பகிர்வும் உடைமையும்: கணினிக் கோப்புப் பகிர்வு நெறிமுறைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பல்கலைக்கழகத் துறையிலோ அலுவலகத்திலோ பத்துக் கணினிகள் இருப்பின், அவற்றுள் ஒன்றிற் கோப்புகளைச் சேமித்து வைத்து, ஏனையவை அவற்றை வலையமைப்பினூடாகத் தம்முடையவை போலவே கையாளுமாறு செய்வது பொதுவழக்கு. அந்த ஒரு கணினி லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டதாயின் இதற்கு இரு பெருவழிகள் உள. ஏனைய கணினிகளும் லினக்ஸ் அல்லது யுனிக்ஸ் மரபைச் சார்ந்தவையாயின், என்.எப்.எஸ். எனப்படும் சேவையை நிறுவி, ‘எக்ஸ்போர்ட்ஸ்’ என்னும் சிறு கோப்பில் எந்தக் கோப்புறை எந்தக் கணினிக்குத் திறந்து விடப்படுகின்றது என ஒரு வரி எழுதினாற் போதும். அவை விண்டோஸ் கணினிகளாயின், சம்பா என்னும் செய்நிரலை நிறுவி, பகிரப்படும் கோப்புறையின் பெயரையும் இடத்தையும் அதன் அமைவுக் கோப்பிற் குறித்து, பயனர்க்குக் கடவுச்சொற்களை வழங்குதல் வேண்டும். இரண்டும் விலையின்றிக் கிடைப்பன. அரைநாளில் முடியத்தக்க இவ்வேலையைச் செய்வோர், இரு வழிகள் ஏன் ஏற்பட்டன என வினவுவது அரிது. அவ்வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஒரு கணினி இன்னொரு கணினியிடம் கோப்பொன்றைக் கேட்கும்போது அங்கு ஓர் உரையாடல் நிகழ்கின்றது. கேட்பவர் யார், எக்கோப்பு வேண்டும், எவ்விடத்திலிருந்து எவ்வளவு படிக்க வேண்டும், அதே கோப்பில் இன்னொருவர் எழுதிக் கொண்டிருந்தால் என்ன செய்வது என்பனவெல்லாம் முன்னரே வகுக்கப்பட்ட ஒழுங்கிற் பேசப்படுதல் வேண்டும். இவ்வொழுங்கே நெறிமுறை எனப்படுவது. செய்நிரலை எவரும் புதிதாக எழுதிக் கொள்ளலாம். ஆயின் நெறிமுறையை அறியாதவர் எழுதும் செய்நிரலுடன் எந்தக் கணினியும் பேசாது. எனவே நெறிமுறை யாரிடம் உள்ளது என்பது உடைமை பற்றிய வினாவாக மாறுகின்றது. மேற்கூறிய இரு வழிகளும் இவ்வினாவுக்குக் கிடைத்த இருவேறு விடைகளாகும்.

என்.எப்.எஸ். நெறிமுறையைக் கலிபோர்னியாவில் 1982இல் தோன்றிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பனி 1984இல் உருவாக்கி, அடுத்த ஆண்டு சந்தைக்குக் கொணர்ந்தது. தொலைவிலுள்ள கோப்புறை தன் கணினியிலேயே உள்ளது போன்று பயனருக்குத் தோன்றும். அதன் தொடக்ககால அமைப்பில் ஒரு நுட்பம் குறிப்பிடத்தக்கது. சேவையகக் கணினி எவர் எக்கோப்பைத் திறந்து வைத்துள்ளார் என்பதை நினைவில் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு வேண்டுகோளும் தன்னளவில் முழுமையானது. ஆகவே சேவையகம் பழுதுற்று மீண்டும் எழுந்தால், ஏனைய கணினிகள் தம் வேண்டுகோளைத் திரும்பத் திரும்ப அனுப்பி வேலையைத் தொடரலாம். சன் கம்பனி தன் செய்நிரலை உரிமக் கட்டணத்துக்கு வழங்கியபோதும் நெறிமுறையைப் பகிரங்கப்படுத்திற்று. 1989இல் அதன் இரண்டாம் பதிப்பு இணையப் பொறியியலாளரின் பொது ஆவணத் தொடரில் 1094ஆம் இலக்க ஆவணமாக வெளிவந்தது.

இதனைத் தாராள மனத்தின் விளைவெனக் கொள்வது பொருந்தாது. ஐ.பி.எம்., டிஜிற்றல் போன்ற பெருங் கம்பனிகளின் நடுவே புதிதாக நுழைந்த ஒன்றுக்கு, தன் நெறிமுறையைப் பேசும் கணினிகள் பெருகப் பெருகத் தன் விற்பனையும் பெருகும் என்பது தெளிவாக இருந்தது. திறந்து விடுதலே இலாபமாக அமைந்த ஒரு வரலாற்றுச் சூழல் அது. எனினும் நோக்கம் எதுவாயினும் விளைவு நிலைத்தது. 1991இல் ஹெல்சிங்கியில் ஒரு மாணவர் லினக்ஸைத் தொடங்கியபின், அதற்கு என்.எப்.எஸ். எழுத முற்பட்டோர் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. நான்காம் பதிப்பு தொடர்பாக நெறிமுறையை மாற்றியமைக்கும் அதிகாரத்தையும் 1998இல் சன் கம்பனி இணையக் கழகத்திடம் ஒப்படைத்தது. 2010இல் அக்கம்பனி ஒரக்கிள் கம்பனியால் வாங்கப்பட்டது. நெறிமுறையோ இன்றும் வழக்கில் உள்ளது.

பிறந்த இடத்தின் சுவடும் அதிற் பதிந்துள்ளது. தொடக்கத்தில், வேண்டுகோளுடன் வரும் பயனர் இலக்கத்தைச் சேவையகம் அப்படியே நம்பியது. எல்லாக் கணினிகளும் ஒரே நிருவாகியின் கையிலிருந்த ஆய்வுகூடங்களில் இது தவறன்று. தனியாள் கணினி பெருகிய பின்னரோ, தன் கணினியில் தானே தலைமைப் பயனராக உள்ள எவரும் பிறர் இலக்கத்தைச் சூடிக் கொள்ளலாம் என்றாயிற்று. லினக்ஸ் சேவையகம் வெளிக் கணினியின் தலைமைப் பயனரை வழமையாக அதிகாரமற்றவராக மாற்றியே ஏற்றுக்கொள்வது இதனாலாகும். அவ்வமைவை வசதி கருதி நீக்குவோர் இவ்வரலாற்றை மனங்கொள்வது நன்று.

இரண்டாவது நெறிமுறையின் கதை வேறு. எஸ்.எம்.பி. எனப்படும் இது, 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். கம்பனியைச் சேர்ந்த பாரி பைகன்பாம் என்பவரால் தனியாள் கணினிகளுக்கென ஆக்கப்பட்டது. பின்னர் மைக்ரோசொப்ட் அதனை விரித்துத் தன் விண்டோஸ் இயங்குதளத்தின் உறுப்பாக்கியது. 1992இல் எக்ஸ்-ஓப்பன் என்னும் அமைப்பு இதன் ஒரு விவரக்குறிப்பை வெளியிட்டது என்பதையும் கூறுதல் வேண்டும். இது முற்றாக மூடப்பட்டே பிறந்தது என்பது மிகை. மூடப்பட்டவை, 1990களில் விண்டோஸ் அலுவலக மேசைகளைக் கைப்பற்றியபோது அடுக்கடுக்காகச் சேர்க்கப்பட்ட விரிவுகளேயாகும்.

இவ்விடத்திற்றான் அன்ட்ரூ ட்ரிட்ஜெல் வருகின்றார். கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்ட ஆய்வு மாணவராயிருந்த அவர், 1991 டிசம்பரில், டிஜிற்றல் கம்பனியின் வலையமைப்பு மென்பொருளைக் கொண்ட தம் கணினியிலிருந்து யுனிக்ஸ் கணினியின் கோப்புகளை அடைய விரும்பினார். நெறிமுறை ஆவணம் கைவசம் இல்லை. கம்பியிற் செல்லும் தரவுப் பொதிகளைக் கவனித்து, எக்கேள்விக்கு எவ்விடை வருகின்றது எனக் குறித்து, அவ்வாறே விடையளிக்கும் சேவையகம் ஒன்றை எழுதி 1992 ஜனவரியில் வெளியிட்டார். அது எஸ்.எம்.பி. என்பதே அப்போது அவருக்குத் தெரியாது. ஏறத்தாழ இரண்டாண்டுகள் கழித்து, மனைவியின் விண்டோஸ் கணினியைத் தம் லினக்ஸ் கணினியுடன் இணைக்க முயன்றபோது பழைய செய்நிரல் அங்கும் வேலை செய்யக் கண்டு வியந்தார். ஆய்வேட்டுக்கு வெளியே, ஒரு மாணவரின் சொந்தத் தேவையிலிருந்து இது பிறந்தது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

முதலில் இட்ட பெயருக்கு வேறொரு கம்பனி வணிகக்குறி உரிமை கோரவே, 1994இல் எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்துகளும் அவ்வொழுங்கில் வரும் சொற்களைக் கணினி அகராதியில் தேடினார். கிடைத்தவற்றுள் பிரேசில் நாட்டு நடனத்தின் பெயரான சம்பா தெரிவு செய்யப்பட்டது. (நமக்கு அச்சொல் நெல்லையே முதலில் நினைவூட்டும் என்பது வேறு விடயம்.)

ட்ரிட்ஜெல் பின்னாளில் தம் முறையை விளக்க, பிரெஞ்சு மொழி அறியாத ஒருவர் பிரெஞ்சு உணவகம் ஒன்றில் அமர்ந்து, எச்சொல்லைக் கேட்டுப் பரிசாரகர் எதனைக் கொண்டு வருகின்றார் எனக் கவனித்து மொழியைக் கற்பதனை உவமையாக்கினார். எவரும் சொல்லாத சொற்களையும் தாமே சொல்லி, பரிசாரகர் முகஞ்சுளிப்பதைக் குறித்துக் கொள்வதும் இதிலடங்கும். இவ்வேலை, ஜெரமி அலிசன் முதலிய பலர் சேர்ந்தபின் கூட்டுழைப்பாயிற்று. எவரும் பெறலாம், மாற்றலாம், ஆயின் மாற்றியதைப் பரப்புவோர் அதே உரிமைகளைப் பிறருக்கும் அளித்தல் வேண்டும் என்னும் பொது உரிமத்தின் கீழ் அது வெளிவந்தது. ஆயினும் செவிமடுத்துக் கற்பதற்கு ஓர் எல்லையுண்டு. விண்டோஸின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மொழியும் மாறிற்று. 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், கெர்பரோஸ் என்னும் பொது நெறிமுறைக்குள்ளேயே மைக்ரோசொப்ட் தன் தனித் தரவுகளைப் புகுத்தியது.

1998 டிசம்பரில் சன் கம்பனி ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டது. தன் சேவையகங்கள் விண்டோஸுடன் பேசுவதற்குரிய தகவல்களை மைக்ரோசொப்ட் மறுக்கின்றது என்பது முறைப்பாடு. 2004 மார்ச் 24இல் ஆணைக்குழு 497 மில்லியன் யூரோவைத் தண்டமாக விதித்து, அத்தகவல்களை வெளியிடுமாறும் கட்டளையிட்டது. ஒன்பது நாட்கள் கழிந்து, முறையிட்ட சன் கம்பனியே ஏறத்தாழ 2,000 மில்லியன் டொலர் பெற்று மைக்ரோசொப்ட்டுடன் சமரசமாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் நொவெல் கம்பனியும் 536 மில்லியன் டொலர் பெற்று விலகியது. எஞ்சி நின்றோருள் ஐரோப்பிய சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையும் அதனுடன் நின்ற சம்பாக் குழுவினரும் முக்கியமானோர். 2006 ஏப்ரிலில் லக்சம்பேர்க் நீதிமன்றில் ட்ரிட்ஜெல் தோன்றி விளக்கமளித்தார். 2007 செப்டெம்பர் 17இல் நீதிமன்றம் ஆணைக்குழுவின் முடிபைப் பெரும்பாலும் உறுதிசெய்தது.

இவர்கள் விலகாமைக்குத் தனிமனித உறுதியை மட்டும் காரணங்காட்டுவது போதாது. சம்பாவின் பதிப்புரிமை பலரிடையே சிதறியிருந்தது. அனைவருக்குமாகக் கையொப்பமிட்டுப் பணம் பெறத்தக்க ஓர் உடைமையாளர் அங்கு இருக்கவில்லை. பிரதியொன்றுக்கு இவ்வளவு எனக் கட்டணம் செலுத்தும் உடன்பாடும் பொது உரிமத்துடன் பொருந்தாது. உடைமையாளர் இன்மையே இங்குப் பலமாயிற்று. மறுபுறம், சட்டம் மட்டுமே கதவைத் திறந்தது எனவும் கூறவியலாது. பதினைந்து ஆண்டு செவிமடுத்துக் கற்றவர்களாலேயே, எது மறைக்கப்படுகின்றது என்பதை நீதிபதிகளுக்கு எடுத்துரைக்க முடிந்தது.

தீர்ப்பின் பின் கட்டணம் ஒருமுறை மட்டும் செலுத்தும் 10,000 யூரோவாகக் குறைந்தது. 2007 டிசம்பர் 20இல் இதற்கென அமைக்கப்பட்ட அறக்கட்டளை ஒன்றினூடாகச் சம்பாக் குழு ஆவணங்களைப் பெற்றது. ஆவணம் இரகசியமாக இருக்க வேண்டும், அதனைக் கொண்டு எழுதப்படும் செய்நிரல் பகிரங்கமாகலாம் என்பது நிபந்தனை. சில மாதங்களில் மைக்ரோசொப்ட் தானாகவே பல்லாயிரம் பக்கங்களைப் பகிரங்கமாக வெளியிட்டது. 2011இல் அக்கம்பனியின் ஊழியர் எழுதிய நிரல்வரிகள் பொது உரிமத்தின் கீழ்ச் சம்பாவிற் சேர்ந்தன. விண்டோஸ் வலையமைப்பின் பயனர் அனைவரையும் நிருவகிக்கவல்ல சம்பா நான்காம் பதிப்பு 2012 டிசம்பரில் வெளிவந்தது.

எஸ்.எம்.பி.யின் முதற் பதிப்பு இன்று கைவிடப்பட்டு வருகின்றது. 2017 மே மாதத்தில் வனாகிறை என்னும் தீநிரல் விண்டோஸில் அப்பதிப்பைக் கையாளும் பகுதியின் குறையொன்றினூடாகவே உலகெங்கும் பரவி, பிரித்தானிய மருத்துவமனைகளையும் முடக்கியது. 2019இலிருந்து சம்பாவிலும் அது இயல்பாக அணைக்கப்பட்டே வருகின்றது. ஆயினும் பழையன முற்றாகக் கழிந்துவிடவில்லை. சம்பாவின் அமைவுக் கோப்பில் ‘நெட்பயோஸ் நேம்’ என ஓர் உருப்படி இன்னும் உண்டு. ஐ.பி.எம்.மின் 1980களின் வலையமைப்பிலிருந்து வந்த அப்பெயர் பதினைந்து எழுத்துகளுக்கு மேற்படலாகாது. தம் சேவையகத்துக்கு நீண்ட பெயரிட்டவர்கள், அது வலையமைப்பில் வால் அறுந்து தோன்றுவதைக் கண்டு இன்றும் திகைக்கின்றனர்.