பழைய வில்லுத்தகடு வாங்கப் போகிறீர்களா?

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, இருக்கிற லொறியையே பழுதுபார்த்து ஓட்டவேண்டிய நிலை வந்தது. கழற்றி விற்கும் பாகங்களைத் தேடிப் பலர் அலைந்தார்கள். அப்படி வாங்கும் வில்லுத்தகட்டுக் கட்டு அச்சொட்டாகப் பொருந்துவது அபூர்வம்.

‘எல்ஃபுக்குச் சரிவரும்’ என்ற கடைக்காரர் வார்த்தையை நான் நம்பமாட்டேன். அளவுநாடாவைக் கொண்டுபோங்கள். தகட்டின் அகலத்தையும் கண்களின் துளையையும் எல்லோரும் பார்ப்பார்கள். நடு போல்ட்டிலிருந்து இரு கண்களுக்குமான தூரத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். பல கட்டுகளில் முன்பக்கத் தூரமும் பின்பக்கத் தூரமும் சமமல்ல. ஒரு பக்கத்தில் திருப்பிப் பூட்டினால் அச்சு கோணலாகி, லொறி ஒருபக்கம் இழுக்கும்.

நடு போல்ட்டின் தலை, அச்சின் இருக்கையிலுள்ள குழிக்குள் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும். தலை சிறிதென்றால் லேத்தில் ஒரு வளையம் கடைந்து போடுங்கள். பெரிதென்றால் அளவான போல்ட்டை மாற்றுங்கள், குழியைப் பெருப்பிக்காதீர்கள். ‘யூ போல்ட் பிடிக்கும்தானே’ என்பார்கள். பாரத்தோடு பிரேக் அடிக்கையில் அச்சு நகர்ந்தால் ஸ்டியரிங் கைக்குள் நிற்காது.

தகட்டைக் காஸால் சூடாக்கி வளைப்பதும் அதில் வெல்டிங் பிடிப்பதும் வேண்டவே வேண்டாம். பதம் போன இடத்தில்தான் பிறகு வெடிக்கும். யூ போல்ட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள். றப்பர் புஷ் என்றால், சக்கரம் நிலத்தில் ஊன்றிய பிறகே கண் போல்ட்டை முழுதாக இறுக்க வேண்டும்.