உட்கார்ந்த உடலுக்கான அளவுகோல்: தண்டுவடக் காயமும் உடற்பயிற்சி ஆய்வும்

உடற்பயிற்சி ஆய்வு ஒரு பேருந்தின் படிக்கட்டில் பிறந்தது என்றால் மிகையாகாது. லண்டனின் இரட்டை மாடிப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டும் ஓட்டுநர்களையும், மேலும் கீழும் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுக்கும் நடத்துநர்களையும் ஜெரமி மோரிஸ் ஒப்பிட்டார். நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாகவே வந்திருந்தது. 1953இல் 'லான்செட்' இதழில் வெளியான அந்த ஆய்வை முன்னோடியாகக் கொண்டுதான் உடலுழைப்பையும் இதயத்தையும் இணைத்துப் பார்க்கும் ஆய்வுத்துறை வளர்ந்தது. உட்கார்ந்திருப்பது கேடு, எழுந்து நடமாடுவது நலம் என்ற பாகுபாடு அந்த முதல் ஒப்பீட்டிலேயே பதிந்துவிட்டது. எழவே முடியாதவருக்கு அதில் இடமில்லை.

தண்டுவடக் காயத்தால் கால்கள் செயலிழந்தவர்களுக்கான பயிற்சியில் அந்தத் தொடக்கத்தின் சுவடு இன்னும் அழியவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். எவ்வளவு ஆற்றல் செலவாகிறது, பயிற்சி எவ்வளவு கடுமையானது, வாரத்துக்கு எத்தனை நிமிடம் வேண்டும் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லும் கருவிகள் பெரும்பாலும் நடக்கும் உடலில் அளந்து செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே சக்கர நாற்காலிக்கு எடுத்துச் சென்றால் விடை பிசகும். அந்த விடையை நம்பிப் பயிற்சி செய்பவருக்குக் கெடுதலும் வரும்.

இப்படிச் சொல்வதால் முன்னோடிகளின் பணி சிறுத்துவிடாது. லுட்விக் குட்மன் 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கி, விளையாட்டைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே வைத்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அங்கே 16 பேர் வில்லெடுத்துப் போட்டியில் இறங்கினார்கள். வில்லை இழுக்கத் தோளும் முதுகும் வேண்டும், கால் வேண்டியதில்லை. வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த பிறகு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்ததற்கு அவரே முதற்காரணம். உட்கார்ந்த உடலால் என்ன முடியும் என்பதை இவர்கள் காட்டிவிட்டார்கள். அதை அளக்கும் முறைதான் பின்தங்கி நிற்கிறது.

முதலில் ஆற்றல் செலவைப் பார்ப்போம். ஓய்வில் உட்கார்ந்திருக்கும் உடல் கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறது என்று கொண்டு, அதை ஒரு 'மெட்' என்கிறோம். தண்டுவடக் காயம் அடைந்தவர்களிடமே அளந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில் அந்த எண் 2.7 ஆக இருந்தது. தசை மெலிந்த உடலுக்கு ஓய்வில் அவ்வளவே போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நிமிடத்துக்கு 210 மில்லிலிட்டர் என்று நாம் கணக்கிடும் இடத்தில் 162தான் செலவாகிறது. இந்தப் பிழை சாப்பாட்டுத் தட்டில் வந்து இறங்கும். பொது அட்டவணையைப் பார்த்துச் சாப்பிட்டால் எடை கூடும். கூடிய எடையைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் ஒவ்வொரு முறையும் அதே இரு கைகள்தான் தூக்க வேண்டும்.

இதயத் துடிப்பில் நேரும் பிழை இதைவிட ஆபத்தானது. இதயத்தை முடுக்கும் பரிவு நரம்புகள் மார்புத் தண்டுவடத்தின் மேற்பகுதியிலிருந்து கிளம்புகின்றன. கழுத்தில் தண்டுவடம் முழுவதுமாக அடிபட்டால் மூளையின் கட்டளை அங்கே போய்ச் சேராது. எவ்வளவு முயன்றாலும் துடிப்பு பெரும்பாலும் 110 முதல் 130 வரைதான் ஏறும். 30 வயதுக்காரருக்கு 220இல் வயதைக் கழித்து, மீதி 190இல் 70 விழுக்காட்டை இலக்காக வைத்தால் 133 வருகிறது. அவருடைய உடலின் உச்சத்தையே தாண்டிய எண்ணை 'நடுத்தரப் பயிற்சி' என்று எழுதிக் கொடுக்கிறோம்.

வட மாவட்டக் கிராமம் ஒன்றில் நான் சந்தித்த இளைஞர் தென்னை மரத்திலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டவர். விரல்கள் எதையும் பிடிக்காது. முழங்கையை மடக்குவார், மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்குவார், அவ்வளவுதான். பழைய சைக்கிள் ட்யூபை ஜன்னல் கம்பியில் மாட்டி, இரு முனையிலும் துணி வளையம் தைத்து, அதற்குள் மணிக்கட்டை நுழைத்து இழுப்பார். தொடங்குமுன் அவருடைய அம்மா சிறுநீர்ப் பையை வடித்துவிட்டு, குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். இவ்வளவு உயரத்தில் காயம் உள்ளவருக்கு நிரம்பிய சிறுநீர்ப்பை ஒன்றே இரத்த அழுத்தத்தைத் திடீரென உச்சத்துக்கு ஏற்றப் போதும். காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது என்பதால் கழுத்தில் ஈரத் துண்டு. யாரோ வாங்கித் தந்த கைக்கடிகாரம், அவர் மூச்சு வாங்கி நாக்கு உலர்ந்திருந்த வேளையில், 104 என்று காட்டி அதை 'லேசான பயிற்சி' என்றது. அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கையில் நோட்டுடன், "எத்தனைடா போட?" என்று கேட்டார். "பதினஞ்சு போடும்மா."

அந்தப் பதினைந்து, ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோலின் எண். 6 முதல் 20 வரை ஓடும் அதில், செய்பவரே தன் சிரமத்தை மதிப்பிட்டுச் சொல்கிறார். துடிப்பைப் பத்தால் வகுத்தால் வரும் எண்ணோடு ஏறத்தாழப் பொருந்தும்படி போர்க் அதை அமைத்தார். அந்தத் துடிப்பே வழிகாட்டாத உடலிலும் அது பயன்படுகிறது என்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

நாள் முழுக்கச் சக்கரத்தைத் தள்ளுகிறாரே, அதுவே பயிற்சிதானே என்று மருத்துவர்களே கேட்பதுண்டு. அப்படி இல்லை. அன்றாடத் தள்ளல் பெரும்பாலோருக்கு இதயத்தைப் பலப்படுத்தும் அளவுக்குக் கடுமையாக இருப்பதில்லை. ஆனால் தோள்மூட்டைத் தேய்க்க அது போதும். தோள், கை எட்டுவதற்கென்று அமைந்த மூட்டு. உடல் பாரத்தைச் சுமப்பதற்கானது அன்று. தோள்வலி உள்ள சக்கர நாற்காலிப் பயனாளர்கள் 80 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். வீட்டிலேயே 12 வாரம் தோள் தசைகளைப் பலப்படுத்தி, தள்ளும் முறையையும் இடம் மாறும் முறையையும் திருத்திக்கொண்டவர்களுக்கு வலி வெகுவாகக் குறைந்தது. மற்றவர்களுக்கு மாறவில்லை. ஜன்னல் கம்பியில் கட்டிய ட்யூப் இந்த வகைப் பயிற்சிக்குத் தோதான கருவி. கையால் சுற்றும் விலையுயர்ந்த இயந்திரம் ஒன்றை மட்டும் வாங்கி வைத்துவிட்டு நலத்திட்டம் முடிந்தது என்பவர்கள், ஏற்கனவே தேயும் தோளுக்கு மேலும் வேலை கொடுக்கிறார்கள்.

எத்தனை நிமிடம் என்பதில் அறிஞர்களிடையே உண்மையான பிணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் முதன்முறையாக மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்து வெளியிட்ட வழிகாட்டுதல், எல்லாரையும் போலவே வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்றது. 2017இல் ஆஸ்திரேலிய வல்லுநர்களும் தண்டுவடக் காயத்துக்கு ஏறத்தாழ 150 நிமிடத்தையே பரிந்துரைத்திருந்தார்கள். மார்ட்டின் ஜினிஸ் தலைமையிலான பன்னாட்டுக் குழு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடல் தகுதிக்கு 20 நிமிடமாக வாரம் இருமுறை, அதோடு இருமுறை தசைப் பயிற்சி என்றது. இதய, வளர்சிதை நலத்துக்கு 30 நிமிடமாக வாரம் மும்முறை. குறைத்துச் சொல்வது குறைத்து மதிப்பிடுவதாகும் என்ற எதிர்வாதத்தை நான் மதிக்கிறேன். மாற்றுத்திறனாளியிடம் எதையும் எதிர்பார்க்காத சமூகத்தில் அந்த அச்சம் நியாயமானது. ஆயினும் நான் 2018இன் பக்கமே நிற்கிறேன். 40 நிமிடம் என்பது அந்த உடல்களிலேயே சோதித்து, பலன் தொடங்கும் கீழெல்லையாகக் கண்டது. இன்னொருவரின் உதவியோடு எழுந்து, குளித்து, உடுத்துவதற்கே காலைப்பொழுது கழிந்துவிடும் ஒருவரிடம் 150 என்று சொன்னால் அவர் தொடங்கவே மாட்டார்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 30ஆம் பிரிவில் விளையாட்டை அரசின் கடமையாக்கியிருக்கிறது. பதக்கம் வெல்லக்கூடியவருக்கு அது வழி திறக்கும். திண்ணையைத் தாண்டாத ஒருவருக்கு வேண்டியது வேறு: வீட்டுக்கு வந்து வளையத்தைச் சரிபார்த்து எண்களைப் படித்துச் சொல்லும் இயன்முறை மருத்துவர். அவர் கையில் நம் ஊர் ஆய்வும் இருக்க வேண்டும். இப்போதுள்ள சான்றுகளில் பெரும்பகுதி குளிர்நாட்டு ஆய்வகங்களில் சேர்ந்தது. தகரக் கூரையின் கீழ், வியர்க்காத உடல், 20 நிமிடப் பயிற்சியில் எவ்வளவு சூடேறும் என்பதை இங்கேதான் அளக்க முடியும்.

அந்த இளைஞரின் நோட்டில் தொடக்கத்தில் 20 இழுப்புக்கு 17 என்றிருந்தது. ஆறு மாதத்தில் 60 இழுப்புக்கு 13. ஏப்ரல், மே பக்கங்களில் எண்கள் மறுபடி ஏறியிருந்தன. வெயிலா, சிறுநீர்த் தொற்றா, மனத்தளர்ச்சியா என்று பிரித்தறிய அதில் வழியில்லை. நான் கேட்டதும், அவருடைய அம்மா ஸ்கேலை வைத்து ஓரத்தில் இன்னொரு பத்திக்குக் கோடு போட்டு, மேலே 'வீட்டுச் சூடு' என்று எழுதினார்.